கட்டளையின் பின்பாதி

பயிலரங்கை நடத்திய மாணவர்கள் தமக்கென்று ஒரு விதி வகுத்திருந்தார்கள். கற்றுக்கொடுப்பவர் எக்காரணம் கொண்டும் கற்பவரின் விசைப்பலகையைத் தொடலாகாது. தொடும் ஆசை தலைதூக்காமலிருக்க, இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டே அவர்கள் நாற்காலிகளுக்கிடையே உலவுவார்கள். முப்பது ஆண்டுகளாக நீதிமன்றத்தில் தட்டச்சு செய்துவரும் அக்காவுக்கு, முதல் நாள் அதைக் கண்டதும் உள்ளூரச் சிரிப்பு வந்தது. பின்கட்டிய கைகளோடு நிற்பவர்களை அவள் நாள்தோறும் காண்பவள்; அவர்களில் எவரும் இப்படி முகம் மலர்ந்து நின்றதில்லை.

அங்கே எல்லாருக்கும் அவள் அக்காதான். கல்லூரியின் கணினிக் கூடத்தில் சனிக்கிழமைப் பிற்பகல்களில் கூடும் இருபத்திரண்டு பேரில் மாணவர் பாதி, வெளியார் பாதி. பார்ப்பவர் எழுதுவதை வாங்கி, வாங்கியதைச் சேர்த்துவைத்து, அடுத்த நொடியே எடுத்துக்காட்டும் இணையப் பக்கத்தைக் கட்டுவதே பாடம். "சுவரொட்டி பேசும், கேக்காது. நாம கட்டப்போற பக்கம் கேக்கும்" என்று முதல் நாளே சொன்னாள் பயிலரங்கின் தலைவி. மூன்றாமாண்டு மாணவி. மூக்கின் நுனிவரை வழுக்கி வந்து அங்கேயே நின்றுகொள்ளும் கண்ணாடியால் அவள் பெயரே கண்ணாடி என்றாகிவிட்டது. அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அக்கா ஐந்து வாரமாக ஒரு வகுப்பும் தவறாமல் வந்துகொண்டிருந்தாள்.

அவள் தம்பி காணாமற்போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. நாற்பத்து நான்கு வயது. அவன் மனம் சில நாள் வீட்டில் இருக்கும், சில நாள் வெளியே போய்விடும். ஒரு நாள் மனத்தைத் தேடிக்கொண்டு உடம்பும் புறப்பட்டுவிட்டது. பேருந்து நிலையங்களிலும் மருத்துவமனைச் சுவர்களிலும் அவன் படத்தையும் தன் தொலைபேசி எண்ணையும் அச்சடித்து ஒட்டினாள். அழைப்புகள் வந்தன. ஒருவன் பாட்டுப் பாடிவிட்டு வைத்தான். ஒருவன் பெண் பார்க்க வரலாமா என்றான். ஒருவன், தொலைபேசியை எடுத்த அம்மாவிடமே, "அவன் போய்ச் சேந்தாச்சு, தேடாதீங்க" என்று சொல்லிச் சிரித்தான். அதன்பின் அம்மா மூன்று நாள் வாய்திறக்கவில்லை. இனி அந்த எண் சுவரில் இருக்கக்கூடாது என்று அன்றே அக்கா தீர்மானித்தாள்.

பயிலரங்கில் எல்லாரும் பார்வையாளர் ஏடு ஒன்றைப் பயிற்சியாகக் கட்டியபோது, அவள் அதே ஏட்டைத் தம்பிக்காகக் கட்டினாள். மேலே அவன் படம். கீழே மூன்று கட்டங்கள்: கண்டது என்ன, எந்த இடம், உங்கள் தொலைபேசி எண். அதற்கும் கீழே, வந்த செய்திகளின் பட்டியல். அது அவளுக்கு மட்டும் திறப்பது; ஐந்து விநாடிக்கு ஒருமுறை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வது. பட்டியல் வெறுமையாக இருந்தால் காட்ட ஒரு வாக்கியம் எழுதச் சொன்னாள் கண்ணாடி. "இதுவரை செய்தி ஏதும் இல்லை" என்று அக்கா எழுதினாள். நீதிமன்றத் தமிழ்.

ஒன்றை மட்டும் அவள் சுவரொட்டியிலும் எழுதவில்லை, பக்கத்திலும் எழுதவில்லை. தம்பி சட்டையை உட்புறம் வெளியே தெரியும்படித் திருப்பித்தான் போடுவான். தையல் உறுத்துகிறது என்பான். ஐந்து வயதில் தொடங்கிய பிடிவாதம். ஆயிரம் சாட்சியங்களைத் தட்டச்சு செய்தவளுக்கு ஒன்று தெரிந்திருந்தது: மெய்சாட்சியையும் பொய்சாட்சியையும் பிரித்துக்காட்ட, யாருக்கும் சொல்லாத ஒரு செய்தி நம் மடியில் இருக்க வேண்டும்.

பக்கம் எழும்பி நின்ற அன்று அவள் கண்ணாடியிடம் கேட்டாள்: "இதை வெளியில இருக்கிறவங்களும் பாக்கலாமா?"

"பாக்கலாம் அக்கா. ஆனா இது ஓடுறது இந்தக் கூடத்துப் பயிற்சிக் கணினிப் பெட்டியில. எதையும் வட்டுல எழுதாது, நினைவுலயே வச்சிருக்கும். அணைச்சா எல்லாம் போச்சு. நிஜப் பெட்டி அடுத்த மாசம்தான் தருவாங்க."

"அணைக்காம இருந்தா?"

"அணைக்காம இருந்தா… இருக்கும்."

"அப்ப அணைக்காதம்மா."

வகுப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும் என்பது கூடத்தின் கட்டுப்பாடு. கண்ணாடி சற்றுநேரம் நகத்தைக் கடித்தாள். பிறகு ஒரு தாளைக் கிழித்து, 'அணைக்காதீர். அக்காவின் தம்பி' என்று எழுதி, சுவரிலிருந்த மின்பொத்தானின்மேல் ஒட்டினாள். அந்த வாரமே அக்கா பழைய சுவரொட்டிகளின்மேல் பக்கத்தின் முகவரியை ஒட்டிவிட்டு வந்தாள். வாரத்துக்குள் இரண்டு செய்திகள் வந்தன. ஒன்றில் வசை, மற்றதில் வேறு யாரோ ஒரு கிழவரின் அடையாளம்.

ஆறாம் சனிக்கிழமை புறப்படும்போது அம்மா கட்டிலில் சாய்ந்தபடி கேட்டாள்: "அந்தப் பெட்டிக்குள்ள தேடினா கிடைச்சிடுவானா?"

"அவன் உள்ள இல்லம்மா. பாத்தவங்க அதுல எழுதுவாங்க."

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவன் கண்ணுல படணுமே."

"பட்டுட்டுப் போறான்."

"படுவான், படுவான். உன் அப்பாவும் இப்படித்தான் சொல்லிட்டே இருந்தார், கடைசிவரைக்கும்" என்றாள் அம்மா. மகள் வெளியேறியதும் கதவைத் தாழிடவில்லை. பதினான்கு மாதமாக அந்த வீட்டில் யாரும் அதைத் தாழிட்டதில்லை.

அன்றைய பாடம் நீக்குதல். பட்டியலில் வேண்டாத வரியை மட்டும் எடுத்துவிடுவது. நீக்க வேண்டுமென்றால் முதலில் வேண்டாதவை இருக்க வேண்டும் அல்லவா? ஆகவே வழக்கம்போல் பக்கத்து நாற்காலிக்காரரின் பக்கத்தில் வாய்க்கு வந்ததை எழுதிச் சோதித்தார்கள். அங்கே அதுவே மரபு. எவ்வளவு கிறுக்காக எழுதுகிறார்களோ அவ்வளவு நல்ல சோதனை.

அக்காவின் பக்கத்து நாற்காலியில் மருந்துக்கடைக்காரர் ஒருவர். கடையிலிருக்கும் சரக்கின் பட்டியலை இணையத்தில் ஏற்றவேண்டும் என்று வந்தவர். அவரை எல்லாரும் மாத்திரை என்றார்கள், அவரும் மறுத்ததில்லை. "உங்க பக்கத்துல எழுத எனக்கு மனசு வரலைக்கா" என்றார் அவர், முதல் வாரங்களில். அக்காதான், "எழுதுங்க. சோதிக்காத பக்கம் நாளைக்கு இடிஞ்சு விழுந்தா என்ன பண்றது?" என்றாள். அதன்பின் அவர் கூச்சப்படவில்லை. சந்திரனில் கண்டேன் என்று எழுதினார். சலவைக்காரரின் மூட்டைக்குள் கண்டேன் என்று எழுதினார். அன்று, 'கண்டது என்ன' என்ற கட்டத்தில் 'ஆ' என்னும் எழுத்தை இடைவெளியே விடாமல் ஆயிரமாயிரமாக நிரப்பி அனுப்பினார். அவ்வளவையும் தாங்க ஒரே வரி நீண்டுகொண்டே போய், பட்டியலின் முதல் கட்டத்தை அளவில்லாமல் அகலப்படுத்தியது. இடமும் எண்ணும் உள்ள கட்டங்கள் திரைக்கு வெளியே எங்கோ தொலைவில் போய் நின்றன.

"இது என்ன ராகம்?" என்றாள் அக்கா.

"பல் புடுங்குறப்போ பாடுற ராகம்."

அப்போதுதான் பட்டியலின் அடியில் புதிய வரி ஒன்று வந்து விழுந்தது. வகுப்பில் அந்த நொடியில் யாரும் அவள் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கவில்லை.

'உங்கள் அறிவிப்பைப் பார்த்தோம். எங்கள் கடை வாசலில் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறார். சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறார், கேட்டால் தையல் உறுத்துகிறது என்கிறார். இன்று சாப்பிட்டார். நாளை காலையோடு கடையைக் காலி செய்கிறோம். அதற்குள் வாருங்கள்.'

அக்கா அதை இரண்டுமுறை படித்தாள். மூன்றாம் முறை படிக்க எழுத்துகள் நிற்கவில்லை, கண்ணில் நீர் நிறைந்துவிட்டது.

"அவன்தான்" என்றாள்.

"யாருக்கா?"

"என் தம்பி. அவன்தான். இது யாருக்கும் தெரியாது. எண் எங்க? எந்த ஊரு? எண் எங்க இருக்கு?"

மாத்திரை திரையை எட்டிப்பார்த்தார். இடமும் எண்ணும் அவருடைய 'ஆ'வுக்கு அப்பால் இருந்தன. அக்கா திரையின் அடியிலிருந்த நகர்த்தியைப் பிடித்து இழுத்தாள். கூடத்தின் பழைய எந்திரம் முக்கி முனகி நகர்ந்தது. முனையைத் தொடுமுன் ஐந்து விநாடி நிறைந்து, பக்கம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு, தொடங்கிய இடத்துக்கே திரும்பிற்று. மறுபடி இழுத்தாள். மறுபடி திரும்பிற்று. கைக்கு எட்டியது கண்ணுக்கு எட்டாமல் போய்க்கொண்டிருந்தது.

"டீச்சரம்மா, இங்க கொஞ்சம் வாங்க" என்று மாத்திரை எழுந்து நின்றே கூப்பிட்டார்.

கண்ணாடி ஓடிவந்தாள், ஓடி வரும்போதே கைகள் பின்னால் கோத்துக்கொண்டன. பழக்கம். வரியைப் படித்தாள். 

"அக்கா, பதறாதீங்க. அந்த நீள வரியை மட்டும் நீக்கிட்டா கட்டம் சுருங்கிடும், எண் தெரிஞ்சிடும். இன்னைக்குப் பாடமே அதுதான். அதோட எண் ஏழு. மேல இருக்கிற கட்டளைப் பெட்டியில அடிங்க."

கட்டளைக்கு இரண்டு பாதிகள். 'இந்தப் பட்டியலிலிருந்து நீக்கு' என்பது முன்பாதி. 'எண் ஏழாக உள்ள வரியை மட்டும்' என்பது பின்பாதி. பின்பாதி இல்லாவிட்டால் முன்பாதி ஒரு கேள்வியும் கேட்காது, எல்லாவற்றையும் நீக்கும். அதைக் கண்ணாடி அன்று மூன்றுமுறை எச்சரித்திருந்தாள்; அக்கா குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு எழுதியும் வைத்திருந்தாள்.

ஆனால் எழுதுவது அறிவு, அடிப்பது விரல். அக்காவின் விரல்கள் அவள் பேச்சைக் கேட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. நீதிபதி வாக்கியத்தை முடித்து வாயை மூடுமுன் அது தாளில் இருக்கும். அவள் தொழில் பழகியது மணி ஒலிக்கும் பழைய எந்திரத்தில்: வலது ஓரம் நெருங்கினால் மணி, மணி ஒலித்தால் வரியை மடக்கு. எந்திரம் மாறிற்று, மணி ஓய்ந்தது, விரல் மட்டும் மாறவில்லை. ஓரத்தைக் கண்டால் வலக்கைச் சுண்டுவிரல் தானே போய் என்டரைத் தட்டும். முதல் வாரமே கண்ணாடி இதைக் கண்டு, "அது தானா மடங்கிக்கும் அக்கா, நீங்க தட்டவேண்டாம்" என்று சொல்லியிருந்தாள். "ஓரத்தைப் பாத்தா அக்காவோட விரலுக்கு மூக்கு வேர்த்துடும்" என்று மாத்திரை சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

மாணவர்கள் செய்துவைத்திருந்த கட்டளைப் பெட்டி குறுகலானது; என்டரைத் தட்டினால் அதில் உள்ளது உள்ளபடியே நிறைவேறிவிடும். கட்டளையின் முன்பாதி அதன் வலது ஓரத்தில் போய் முட்டியது.

கண்ணாடி விரல் எழுவதைப் பார்த்தாள். அவள் கைகள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

"அக்கா—"

அதற்குள் பட்டியல் வெறுமையாயிற்று. நடுவே ஒரே வாக்கியம் நின்றது. இதுவரை செய்தி ஏதும் இல்லை.

கூடத்தின் மறுகோடியில் யாரோ எதற்கோ சிரித்தது கேட்டது. இங்கே மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து விநாடி. பக்கம் புதுப்பித்துக்கொண்டது. அதே வாக்கியம்.

"திருப்பிக் கொண்டுவாம்மா" என்றாள் அக்கா, மெல்ல.

கண்ணாடி முதன்முறையாக விதியை மீறி விசைப்பலகையைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள். முந்தைய பக்கத்துக்குப் போய்ப் பார்த்தாள். முந்தைய பக்கமும் புதிதாகவே வந்தது. பயிற்சிப் பெட்டியின் அடிவயிறு வரை துழாவினாள். மற்ற மாணவர்கள் இருவர் வந்து குனிந்தார்கள், ஆளுக்கொன்று சொன்னார்கள், சொன்னதையெல்லாம் அவள் செய்தாள். பெட்டி எதையும் வட்டில் எழுதியிருக்கவில்லை. அப்படித்தான் அதை அவர்கள் செய்திருந்தார்கள்.

அரைமணி கழித்து ஒன்று கிடைத்தது. பிற்பகல் மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு செய்தி வந்தது என்ற குறிப்பு. எந்த வலைத்தொடர்பின் வழியாக வந்தது என்பதைக் காட்டும் நீண்ட எண். என்ன வந்தது என்பது இல்லை.

"இந்த எண்ணை வச்சு?" என்றாள் அக்கா.

"தொலைபேசி நிறுவனத்துக்குத்தான் தெரியும், அது யாரோடதுன்னு. அவங்க நம்மகிட்ட சொல்லமாட்டாங்க. நீதிமன்ற உத்தரவு வேணும்."

அக்கா தலையசைத்தாள். அந்த உத்தரவின் வாசகம் அவளுக்கு மனப்பாடம். மேற்படி எண்ணுக்குரியவரின் விவரங்களை உரிய அலுவலர் முன் சமர்ப்பிக்க இதனால் ஆணையிடப்படுகிறது. எத்தனையோ முறை தட்டியிருக்கிறாள். மனு, எண்ணிடல், விசாரணை, கையெழுத்து, பதில். அவள் கண்டதிலேயே விரைந்து முடிந்தது பதினாறு நாளில். கடை நாளைக் காலையோடு காலி.

காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள். மறுமுனையிலிருந்தவர் பொறுமையாகவே கேட்டார்.

"கடை வாசல்னு சொல்றீங்க. என்ன கடைம்மா?"

"தெரியாதுங்க."

"எந்த ஊரு?"

"தெரியாதுங்க."

"அப்ப என்னதான்மா தெரிஞ்சுது?"

"சாப்பிட்டார்னு எழுதியிருந்தாங்க" என்றாள் அக்கா. அதைச் சொல்லும்போது தன் குரல் அம்மாவின் குரல்போல் ஒலித்தது அவளுக்கே கேட்டது.

செய்வதற்கு எஞ்சியது ஒன்றுதான். எழுதியவர் திரும்பவும் பக்கத்தைத் திறந்தால் பார்ப்பார். பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு. கண்ணாடி, "சட்டையைப் பற்றி எழுதியவருக்குன்னு போடலாமா அக்கா?" என்றாள்.

"சட்டையைச் சொல்லாதே. ஊர் முழுக்கத் தெரிஞ்சா அப்புறம் யார் எழுதினாலும் நம்பமுடியாது." இவ்வளவு கலங்கியபோதும் அந்த ஒன்று கலங்கவில்லை. தானே தட்டினாள், ஒவ்வோர் எழுத்தாக, ஒற்றை விரலால். 'இன்று கடை வாசல் பற்றி எழுதியவருக்கு: உங்கள் செய்தி வந்தது. இடமும் எண்ணும் எங்கள் தவற்றால் அழிந்துவிட்டன. கருணைகூர்ந்து மறுபடி எழுதுங்கள்.' எங்கள் என்று எழுதியதைச் சற்றுநேரம் பார்த்தாள். என் என்று திருத்தினாள்.

"எங்கள்னே இருக்கட்டும் அக்கா" என்றாள் கண்ணாடி. அவள் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிக் கையில் இருந்தது. "நான் தட்டிவிட்டிருக்கணும், உங்க கையை. பாத்துக்கிட்டே நின்னேன்."

"உன் விதியை நீ காப்பாத்தினே. என் பழக்கத்தை நான் காப்பாத்தினேன்."

  ஆறு மணிக்குக் காவலாளி சாவிக்கொத்தோடு வந்து, ஒருவரும் எழாததைக் கண்டு, மின்பொத்தான்மேலிருந்த தாளைப் படித்துவிட்டு, "இன்னும் வரலையா அவரு?" என்று கேட்டுத் திரும்பிப்போனார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா விழித்திருந்தாள். மகளின் செருப்பொலியிலேயே எதையோ கண்டுகொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"என்ன?"

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று வழியெல்லாம் எண்ணியிருந்தாள். முடியவில்லை. "இன்னைக்கு ஒருத்தர் எழுதினார்மா. சாப்பிட்டானாம்."

அம்மா முகத்தில் பதினான்கு மாதமாக அணைந்திருந்த ஏதோ ஒன்று பற்றிக்கொண்டது. "சட்டை?"

"திருப்பித்தான் போட்டிருக்கான்."

அம்மா சிரித்தாள். சத்தமே இல்லாத சிரிப்பு, தோள் குலுங்க. "அடங்கமாட்டானே, படுபாவி. என்ன சாப்பிட்டானாம்?"

"அது எழுதலை."

"சரி போ. எங்க இருக்கான்?"

அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். பெட்டி, பட்டியல், கட்டளை, பின்பாதி எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவுக்குப் பாதி விளங்கியிருக்காது. ஆனால் முடிவு விளங்கிவிட்டது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. நெடுநேரம் மகளின் வலக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுண்டுவிரலை, அடிபட்ட குழந்தையின் விரலைப் போல், நீவிக்கொண்டிருந்தாள். அவள் வைதிருந்தால் அக்காவால் தாங்கியிருக்க முடியும்.

கைப்பேசியில் பக்கம் திறந்தே இருந்தது. ஐந்து விநாடிக்கு ஒருமுறை அது மூச்சு விடுவதுபோல் மின்னி, அதே வாக்கியத்தைச் சொன்னது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று வாக்கியம் மறைந்து ஒரு வரி வந்தது.

அம்மாவின் பிடி இறுகிற்று. "அவனா?"

அக்கா படித்தாள். இடம்: மருந்துக்கடை. எண் அவளுக்குத் தெரிந்த எண்தான். 'அக்கா, கடையைச் சாத்தலை. டீச்சரம்மாகிட்ட கேட்டு உங்க பட்டியலைத் திறந்து வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன். ஏதாவது வந்தா முதல்ல தாள்ல எழுதி வச்சிடுவேன். நீங்க கொஞ்சம் சாப்பிடுங்க.'

"இல்லம்மா. கூடப் படிக்கிறவர்."

"என்னவாம்?"

"பாத்துக்கிட்டே உக்காந்திருக்காராம்."

அம்மா தலையணையில் சாய்ந்தாள். கதவின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உக்காந்திருக்கட்டும்" என்றாள். "அவனையும் அந்தக் கடைக்காரங்க நாளைக்குக் காலையிலதானே எழுப்புவாங்க."

அக்கா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாத வரியை நீக்கும் பாடம் அவளுக்கு இப்போது தெரியும். அவள் விரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.